ஆர்லீன் செய்த ஆம்ப்ளிஃபயர்

பல் டாக்டர் வார்னர் ஏபெல் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவர். தன் வாயை மூடத்தான் அவருக்குத் தெரியாது. மில்வாக்கி ஒலி ரசிகர் சங்கத்தில் போன இலையுதிர்காலத்தில்தான் சேர்ந்திருந்தார். ஜனவரிக் கூட்டம் ரூடி கிரபோவ்ஸ்கி வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்தது. ஒன்பது பேர், ஒன்பதும் நரைத்த தலைகள். மடியில் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் தட்டு, கையில் பியர். ரூடி இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"கேக்குதா? அந்தப் பொண்ணு பாடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறா பாரு. இந்த ஆம்ப்லதான் அது வரும். வேற எதுலயும் வராது."

"கேக்குது ரூடி," என்றார் ஏபெல். "துணி போட்டு மூடி வெச்சாலும் கேக்குமான்னுதான் தெரியல."

"என்னய்யா சொல்ற?"

"என் வெயிட்டிங் ரூம்ல கடையில வாங்கின ஆம்ப் ஒண்ணு கிடக்கு. அதையும் இதையும் மறைச்சு வெச்சு மாத்தி மாத்திப் போடுவோம். எது எதுன்னு உன்னால சொல்ல முடியாது. என்ன பந்தயம்?"

அறையில் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. பாவம், ஏபெலுக்கு விஷயம் தெரியாது. வால்வு என்ற கண்ணாடிக் குழல்கள் வைத்த அந்தப் பழைய மாதிரி ஆம்ப்ளிஃபயரை ரூடியின் மனைவி ஆர்லீன் தன் கையால் செய்தாள். ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சால்டரிங் வைத்த கை அது. கல்யாணமான மூன்றாம் வருடம், ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் சாமான்களைப் பரப்பி, ஒவ்வொரு கம்பியாகப் பற்றவைத்து, வசந்தத்தில் ரூடியின் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது.

"நாள் பூரா டிரில் சத்தத்துல நிக்கிறவன் எனக்குக் காது பத்திப் பாடம் எடுக்க வந்துட்டான்," என்றார் ரூடி. எல்லாரும் சிரித்தார்கள். ரூடி சிரிக்கவில்லை. மூலையில் இருந்த நார்பர்ட்டைப் பார்த்தார். "சரி, வெச்சுப் பாத்துருவோம். மாப்ள, நீதான் நடத்துற."

நார்பர்ட் ஷுல்ட்ஸ், ஆர்லீனின் தம்பி. டெலிபோன் கம்பெனியின் அளவைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து பாட்டிலில் எழுதியிருக்கும் அளவைக்கூட ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவரிடம் ஒரு ரகசியம் உண்டு. சங்கத்துக்கு வந்த இருபது வருடத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் இன்னொன்றுக்கும் எந்த வித்தியாசமும் அவருக்குக் கேட்டதில்லை. அளவு ஒன்றாக இருந்தால் ஓசையும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. அதை ரூடியிடம் சொன்னதில்லை. அக்கா போனபிறகு சொல்ல நினைத்ததுகூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் சமையலறையில் வைத்து ரூடியைத் தடுத்துப் பார்த்தார் நார்பர்ட்.

"விடுங்க மச்சான். அந்தாளு புதுசு. தெரியாம உளறிட்டான். இதுக்கெல்லாம் ஒரு சோதனையா?"

"ஏன், நான் தோத்துருவேன்னு பயப்படுறியா?"

நார்பர்ட் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

"அதுல அவ இருக்கா மாப்ள," என்றார் ரூடி. "சாயங்காலம் படியிறங்கிப் போய் அத ஆன் பண்ணுவேன். கொஞ்ச நேரத்துல அவ வந்து பக்கத்துல உக்காந்துருவா. உக்காந்த மாதிரின்னு சொல்லல. உக்காருவா. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவன், அவ வந்தா எனக்குத் தெரியாதா? மூடி வெச்சா என்ன, சுவத்துக்கு அந்தப் பக்கம் வெச்சா என்ன?"

நார்பர்ட் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தார். மச்சான் தோற்கப்போகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தோற்றால் பந்தயத்தோடு போய்விடும் விஷயமும் அல்ல இது.

நடத்துவது என்று ஆனபிறகு அரைகுறையாக நடத்த நார்பர்ட்டுக்கு வராது. மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். கண்ணுக்கு மறைப்பது சுலபம். மூக்குக்கு மறைப்பதுதான் சிரமம். வால்வு சூடானால் அதன்மேல் படிந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். அதனால் ஆர்லீனுடையதையும் ஏபெல் கொடுத்ததையும் பேஸ்மென்ட்டிலேயே இருந்த துணி துவைக்கும் அறைக்கு மாற்றிக் கதவிடுக்கில் துண்டைச் செருகினார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுவிட்ச் 'டிக்' என்றால் காது அந்த 'டிக்'கைப் பழகிக்கொள்ளும். மாறினாலும் மாறாவிட்டாலும் ஒரே மாதிரி சத்தம் வரும்படி ஒரு பெட்டி செய்தார். பெட்டி உள்ளே ஆம்ப்ளிஃபயர்களோடு இருக்கும், அதன் பொத்தானும் விளக்குகளும் மட்டும் நீண்ட ஒயரில் வெளியே வரும். எது ஒலிக்கிறது என்று நடத்துகிறவனுக்குத் தெரிந்தால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எதைப் போடுவது என்பதைப் பெட்டியே சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்து, தனக்குள் குறித்துக்கொண்டு, சோதனையின் பதினாறு முறையும் முடிந்தபிறகுதான் வெளியே சொல்லும். எல்லாவற்றுக்கும் மேல் சத்த அளவு. ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை உரக்க ஒலித்தாலும் போதும். கேட்கிறவனுக்கு அது உரக்க இருப்பதாகத் தோன்றாது. நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதற்காக மீட்டரை வைத்து இரண்டையும் சமப்படுத்தியாக வேண்டும்.

பிப்ரவரியில் எல்லாரும் வந்தார்கள். பனி கொட்டியதால் நார்பர்ட் வந்து சேரவே தாமதம். ஏபெல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயர்களை ஆன் செய்து, பத்தே நிமிடத்தில் அளந்து, சமப்படுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தார் நார்பர்ட்.

"முதல்ல ரெண்டையும் பேர் சொல்லிப் போட்டுக் காட்டுறேன் மச்சான். அடையாளம் வெச்சுக்கங்க. அதுதான் முறை."

"எதுக்கு? என் பொண்டாட்டிய எனக்கே அறிமுகப்படுத்தி வைக்கப் போறியா?"

ரூடி கண்ணை மூடி உட்கார்ந்தார். பெரிய உடம்பு, டவுன் பஸ் ஓட்டி அகன்ற தோள். பெட்டி பதினாறு முறை 'டிக்' என்றது. ஒவ்வொரு முறையும் ரூடி கண்ணைத் திறந்து தாளில் ஆர்லீன் என்றோ கடை என்றோ எழுதினார். முடிந்ததும் நார்பர்ட் பொத்தானை அழுத்தினார். சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக எரிந்தன, ஆர்லீனுக்குப் பச்சை, கடைக்குச் சிவப்பு. ஏபெலும் இன்னொருவரும் தாளை வைத்து ஒப்பிட்டார்கள்.

பதினாறில் பதினான்கு சரி.

ஏபெல் எழுந்து போய் ரூடியின் கையைப் பிடித்தார். "என்னை மன்னிச்சுரு ரூடி. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்," என்றார். அந்த ஆளிடமும் நல்ல குணம் இருந்தது. ரூடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "சொன்னேனா இல்லையா? அவ இருக்கா. சொன்னேனா இல்லையா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்த கட்சியை அந்த ஒரு நிமிடத்தில் நார்பர்ட் சந்தோஷமாகக் கைவிட்டார். அக்கா இருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாரும் மேலே போனபிறகு சாமான்களை எடுத்துவைக்கக் கீழே நின்ற நார்பர்ட்டின் கண்ணில் ரூடியின் தாள் பட்டது. தவறிய இரண்டும் முதல் நான்குக்குள் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

துவைக்கும் அறைக்குள் போனார். வால்வுகள் நன்றாகச் சிவந்து கனன்றுகொண்டிருந்தன. மீட்டரை வைத்தார். ஆர்லீனுடையது அரை டெசிபலுக்குமேல் உரக்க இருந்தது.

பழைய வால்வு, சூடேற ஒரு மணி நேரம் ஆகும். சூடேற ஏற அளவும் ஏறும். அதை ஒரு மணி நேரம் காய வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று சங்கத்தில் எல்லாருக்கும் வகுப்பெடுத்தவரே நார்பர்ட்தான். அவரே பத்து நிமிடத்தில் அளந்துவிட்டார். முதல் நான்கு முறை இரண்டும் சமமாக இருந்திருக்கின்றன. ரூடி குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒன்று மெல்ல மெல்ல உரக்கப் போயிருக்கிறது. நன்றாக இருக்கிறதே, இதுதான் ஆர்லீன் என்று எழுதியிருக்கிறார்.

மேலே ரூடி யாரையோ கிண்டல் செய்து சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் இல்லை. நார்பர்ட் மீட்டரை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனார். ஏபெல் கொடுத்த பியரை வாங்கிக் குடித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ரூடி போன் செய்தார்.

"மாப்ள, அந்தப் பெட்டிய எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வாயேன். ஏபெலோட ஆம்ப் இன்னும் இங்கதான் கிடக்கு. நாம ரெண்டு பேர் மட்டும்."

"எதுக்கு மச்சான்? அதான் ஜெயிச்சாச்சே."

"ஜெயிக்கிறதுக்கு இல்லடா. சும்மா கேக்குறப்ப அவ இருக்கான்னு நானே நெனச்சுக்கறனோன்னு ஒரு சந்தேகம் வரும். அன்னைக்கு அப்படி இல்ல. எங்க இருக்கான்னே தெரியாம தேடித் தேடி, ஆ, இங்க இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சேன் பாரு..." குரல் உடைந்தது. "அது எனக்கு வேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தார். "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றுதான் வந்தது.

அந்த வாரம் தொடங்கி ஒவ்வொரு ஞாயிறு மதியமும் நார்பர்ட் போனார். ரூடி சர்ச்சிலிருந்து வந்து, சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருப்பார். பெண் பார்க்கப் போகிறவர்போல இருக்கும். நார்பர்ட் துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியின் பின்புறம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்களில் ஆர்லீனுக்கான இடப்பக்கக் குமிழை ஒரு மயிரிழை கூட்டிவைப்பார். மீட்டரை வெளியே எடுக்கவே மாட்டார். நியாயத்துக்குத்தான் மீட்டர் வேண்டும். மோசடிக்குக் கை போதும். பதினைந்து சரி, பதினாறு சரி, பதினாறு சரி. ரூடி உடம்பு தேறினார். முகம் மழிக்க ஆரம்பித்தார். சங்கத்துக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துப்போனார். நார்பர்ட் வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரம் கட்டிச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு போனார்.

ஆறாவது வாரம் ரூடி வீட்டுத் துணி உலர்த்தும் இயந்திரம் பழுதாகி, சரிசெய்ய வந்தவர் அந்த அறையையே கலைத்துப்போட்டிருந்தார். ஞாயிறன்று நார்பர்ட் எல்லாவற்றையும் புதிதாக இணைத்தார். சுவரில் ப்ளக் செருகும் இடம் எட்டாததால் இந்த முறை ஆர்லீனுடையது வலப்பக்கம், கடையில் வாங்கியது இடப்பக்கம். பெட்டிக்கும் அதைச் சரியாகவே சொல்லிவைத்தார். கை மட்டும் பழைய வழக்கத்தில் இடப்பக்கக் குமிழைத் திருகியது.

ரூடி பதினாறையும் தயங்காமல் எழுதினார். அன்றைக்கு உதட்டில் சிரிப்புகூட இருந்தது. பொத்தானை அழுத்தினார்கள். விளக்குகள் எரிந்தன. ரூடி தாளை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். முதல் ஐந்து வரை சிரிப்பு இருந்தது.

பதினாறும் தவறு.

"பெட்டிதான் ஏதோ கோளாறு," என்றார் நார்பர்ட். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒயர மாத்திச் செருகியிருப்பேன். இருங்க பாத்துட்டு வர்றேன்."

"உக்காரு."

ரூடி தாளை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் ஓட்டியவர்தான், ஆனால் முப்பது வருடம் இந்தச் சங்கத்தில் இருந்தவர். கணக்கு தெரியும்.

"ஒண்ணுமே கேக்காதவன் கண்ண மூடிட்டு அடிச்சாலும் பாதி சரியா வரும். பதினாறும் தப்பா சொல்றதுக்கு நல்லாக் காது கேக்கணும். எனக்கு ஏதோ ஒண்ணு நல்லாவே கேட்டிருக்கு. அது அவ இல்ல." நிமிர்ந்தார். "என்ன மாப்ள அது?"

நார்பர்ட் தரையைப் பார்த்தார்.

"சத்தத்தக் கூட்டி வெச்சியா?"

"ஆமா மச்சான்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இல்ல. ஒவ்வொரு வாரமும். இன்னைக்குத் தப்பான குமிழத் திருகிட்டேன்."

"முதல் தடவை? எல்லாரும் இருந்தப்ப?"

"அது வேணும்னு செஞ்சது இல்ல. சூடேறுறதுக்கு முன்னாடி அளந்துட்டேன். எல்லாரும் மேல போனப்புறம்தான் தெரிஞ்சுது. சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க மேல சிரிச்சுட்டு இருந்தீங்க."

ரூடி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கத்துவார், பெட்டியை எடுத்து எறிவார் என்று நார்பர்ட் எதிர்பார்த்தார். எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப ஆறு வாரமா," என்றார் ரூடி மெல்ல, "நான் தலை வாரிட்டு வந்து உக்காந்தது உன் கூடவா? நீதான் அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு அவளா நடிச்சிருக்க."

நார்பர்ட்டால் நிமிர முடியவில்லை. "என் அக்கா மச்சான்," என்று மட்டும் சொன்னார். "எனக்கும் அவ இருக்கணும்னு இருந்துச்சு."

"தெரியும்டா." ரூடி எழுந்தார். "சரி. அது நல்லாச் சூடேறியிருக்கு. போய் மீட்டர எடுத்துட்டு வா. என் முன்னால அள."

"வேணாம் மச்சான்."

"எடுத்துட்டு வா."

"உங்க கால்ல விழறேன். வேணாம். இதோட விட்டுருவோம்."

"நீ விட்டுருவ. நான் இந்த வீட்டுலதான இருக்கணும்? தினம் இத ஆன் பண்ணிட்டு, இது யாரு, இது யாருன்னு உக்காந்திருக்கவா?"

நார்பர்ட் மீட்டரை எடுத்தார். ரூடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து முள்ளையே பார்த்தார். இரண்டும் சமமாக வந்து நின்றபோது, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். "இவ்வளவுதான்," என்றார் நார்பர்ட். கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

இந்த முறை ரூடி ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாவதில் இசைத்தட்டைத் திரும்ப முதலிலிருந்து வைக்கச் சொன்னார். ஏழாவதில் ஆர்லீன் என்று எழுதி, அடித்து, கடை என்று எழுதி, மறுபடி ஆர்லீன் என்று எழுதினார். நெற்றியெல்லாம் வியர்வை. கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தேடுகிறவர்போல முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பத்தாவதுக்குப் பிறகு நார்பர்ட் அவரைப் பார்க்கவே இல்லை. எந்தச் சாமியையும் கும்பிடாத நார்பர்ட், ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை அவர் சொல்வது சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். தான் கற்ற எல்லாமும் பொய்யாகட்டும் என்றும் வேண்டிக்கொண்டார்.

பதினாறில் ஏழு.

ரூடி தாளைத் தானே ஒப்பிட்டார். இரண்டாம் முறையும் எண்ணினார். பிறகு தவறியவற்றில் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இது பல் டாக்டர் கடையில வாங்கினது. ஆர்லீன்னு எழுதியிருக்கேன். இதுவும். இங்க அவ நிஜமாவே வந்திருக்கா பாரு, நான் இல்லைன்னுட்டேன்."

"மச்சான், அது இசைத்தட்டும் கம்பியும்தான். அதுல தெரியலைங்கிறதுக்காக..."

"ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னான். நான் நம்பல," என்றார் ரூடி. "பாதர் ஜெபம் பண்ணினார். சவப்பெட்டிய இறக்கினாங்க. நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன். அப்பவும் நம்பல. வீட்டுக்கு வந்து இத ஆன் பண்ணேன்." தாளை நான்காக மடித்து மேஜையில் வைத்தார். "இன்னைக்குத்தான் மாப்ள அவ செத்திருக்கா."

அக்காவின் அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டு, ரொட்டி போதுமா என்று பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் திரிந்தவர் நார்பர்ட். இப்போது அந்தப் பழைய சோபாவில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ரூடி அவர் முதுகில் கையை வைத்தார். தட்டவில்லை, தடவவில்லை, சும்மா வைத்திருந்தார்.

நேரம் போனபிறகு ரூடி எழுந்து துவைக்கும் அறைக்குப் போய் இரண்டையும் அணைத்துவிட்டு வந்தார். நார்பர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிவரை போனார்.

"அடுத்த ஞாயிறு வராத," என்றார் ரூடி. "என்னால உன்ன பாக்க முடியாது."

"சரி மச்சான்."

"அதுக்கு அடுத்த ஞாயிறு வா. கல்லறைக்குப் போவோம். நான் இன்னும் ஒரு தடவைகூடப் போகல."